வீட்டுத் தோட்டத்துக்கு எந்த உருளைக்கிழங்கு ரகம்? வரிசைப்படி ஒரு வழிகாட்டி

உருளைக்கிழங்கு போட்டு ஏமாந்தவர்கள் சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒன்றேதான். சமையலறையில் முளைவிட்ட கிழங்கை மாசியில் ஒரு பையில் புதைத்தார்கள். செடி தழைத்து வளர்ந்தது. ஆசையாகத் தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நான்கைந்து. உரம் போதவில்லை என்று முடிவுகட்டி அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உரம் போட்டார்கள். அதே கோலிக்குண்டுதான் வந்தது.

உரத்தில் பிரச்சினை இல்லை. ரகமும் பருவமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் உருளை ரகத்தை இந்த வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டும்: முதலில் இரவு வெப்பம், பிறகு குளிர் நீடிக்கும் நாட்கள், அப்புறம் நோய், சமையல், கடைசியில் கையில் கிடைக்கும் விதை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாலிலிருந்து தொடங்குகிறார்கள். கிடைத்ததை நடுகிறார்கள், மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கிறார்கள்.

## ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் சாதாரண தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, 15 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள குரோ பேக்குகள் அல்லது நல்ல வடிகால் உள்ள ஒரு பாத்தி. அவ்வளவுதான்.

ஆனால் தேதி முக்கியம். சமவெளியில் நடவு நவம்பரில் என்றால், விதைக்கான தேடல் செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். நவம்பரில் தேட ஆரம்பித்தால் கிடைப்பது காய்கறிக் கடைக் கிழங்கு மட்டுமே.

## 1. முதலில் இரவு வெப்பத்தை அளந்து பாருங்கள்

உருளைச் செடி பகல் வெயிலை ஓரளவு தாங்கும். கிழங்கு வைப்பதற்குத்தான் இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடும் வெள்ளைத் தண்டின் நுனி பருத்துக் கிழங்காகும். அதற்கு மேல் போகப்போக, இலை தயாரித்த மாவுச்சத்து கிழங்குக்கு இறங்காமல் தண்டுக்கும் இலைக்குமே செலவாகிவிடும். மேலே பசுமை, கீழே ஒன்றுமில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உங்கள் ஊர் இரவு எப்படி என்பதைப் பொறுத்து உங்கள் தோட்டம் மூன்றில் ஒரு வகையில் விழும்.

மலை: உதகை, குன்னூர், கொடைக்கானல். இங்கே குளிருக்குப் பஞ்சமில்லை. நோயும் உறைபனியும்தான் தொல்லை.

மேட்டுநிலம்: ஓசூர், தாளவாடி, பெங்களூரு. குளிர்கால இரவு 16 டிகிரியை ஒட்டி இறங்கும். வீட்டுத் தோட்டத்தில் உருளை போட இதைவிட நல்ல இடம் கிடையாது. கோவை இதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. ஜனவரியில் 18, 19 வரை இறங்கும்.

கரையோரமும் சூட்டுச் சமவெளியும்: சென்னையில் ஜனவரியில்கூட சராசரி இரவு வெப்பம் 21 டிகிரியை ஒட்டியே இருக்கும். மதுரையும் பெரிதாக வித்தியாசப்படாது. இங்கே எல்லா ரகமும் விளையாது. விளைகிற ரகமும் குறைவாகவே தரும்.

ஊரின் வெப்பநிலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். மொட்டை மாடிக் கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். தெர்மாமீட்டரைப் பையின் உயரத்தில் வைத்து ஒரு வாரம் காலையில் குறித்துப் பாருங்கள். செய்தியில் சொன்ன எண்ணைவிட உங்கள் மாடி சூடாக இருந்தால், சூடு தாங்கும் ரகத்தின் பக்கம் ஒரு படி நகர வேண்டியதுதான்.

## 2. குளிர் எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணுங்கள்

ரகத்தின் வயது என்று விதைக்காரர் சொல்வது நட்டதிலிருந்து அறுவடை வரையான நாட்கள். குறுகிய வயது ரகம் என்றால் 70 முதல் 90 நாள். நடுத்தர வயது 90 முதல் 110. அதற்கு மேல் போவது நீண்ட வயது ரகம்.

நட்டு 30, 35 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அதிலிருந்து அடுத்த 40 நாள்தான் குளிர் கட்டாயம் தேவைப்படும் காலம். முதல் மாதம் சற்றுச் சூடாக இருந்தாலும் செடி சமாளித்துக்கொள்ளும். அதனால் நடவுத் தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக் குறிக்க வேண்டும். உங்கள் ஊரில் குளிரான 40 நாள் எது? கோவையில் அது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. அதற்கு ஒரு மாதம் முன்னால், அதாவது நவம்பர் நடுவில் நட வேண்டும்.

சென்னையில் இதில் ஒரு சிக்கல். நவம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். ஈரம் தேங்கிய மண்ணில் விதைக்கிழங்கு முளைக்கும் முன் அழுகும். தள்ளிப்போட்டு ஜனவரியில் நட்டால் கிழங்கு பிடிக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். நவம்பர் கடைசி வாரத்தில், மழை நேரடியாக விழாத இடத்தில் வைத்த பையில் நடுவதுதான் அங்கே நடக்கிற வழி. பாத்தியில் நடத்தான் வேண்டும் என்றால் சென்னையில் உருளையை விட்டுவிட்டுச் சேப்பங்கிழங்கு போடலாம். பாதி வேலையில் இருமடங்கு கிடைக்கும்.

இப்படி எண்ணிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சமவெளிக்காரர்களுக்கு 110 நாள் ரகம் எதுவும் ஒத்துவராது. அதன் கடைசி 30 நாள் கோடையில் போய் விழும்.

நீலகிரியில் கணக்கு வேறு. அங்கே மார்ச், ஏப்ரலில் நடும் கோடைப் பட்டம், ஆகஸ்ட், செப்டம்பரில் நடும் கார்ப் பட்டம், ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்ப்பாசனப் பட்டம் என்று மூன்று உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு மார்ச் கடைசி நடவு எளிது. உறைபனி போயிருக்கும், கோடை மழையில் செடி எழும்பிவிடும். ஆனால் கிழங்கு திரளும்போது தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அதோடு கருகல் நோயும் வரும். அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

## 3. உங்கள் இடத்துக்கு எந்த நோய் வரும்?

நோய் எதிர்ப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்பி ரகம் வாங்காதீர்கள். எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். இடத்துக்கு இடம் எதிரி மாறும்.

மலையில் பின்பருவ இலைக்கருகல்தான் முதல் எதிரி. 10 முதல் 20 டிகிரி வெப்பம், விடாத மூடுபனி, இலையில் காயாத ஈரம், இவை மூன்றும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கக் கருகிவிடும். இலை ஓரத்தில் தண்ணீர் பட்டது போன்ற கரும்புள்ளி, அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சை விளிம்பு. இதுதான் அடையாளம்.

மலையின் இரண்டாவது எதிரி முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதன்முதலில் 1961-ல் உதகையில்தான் கண்டறியப்பட்டது. பெண் புழு இறந்தபின் அதன் உடலே கடுகைவிடச் சிறிய கூடாக மாறி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளோடு மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் கிடக்கும். செடி காரணமே தெரியாமல் மஞ்சளாகிக் குட்டையாக நின்றால், வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வெள்ளை அல்லது பொன்னிற மணிகள் ஒட்டியிருக்கும்.

மேட்டுநிலத்திலும் சமவெளியிலும் பாக்டீரியா வாடல் நோய் முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய் போட்ட அதே மண்ணில் உருளை போடுகிறவர்களுக்கு இது வரும். நான்கும் ஒரே குடும்பம், நோயும் பொது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து அதில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து பால் நூல் போல ஒன்று இறங்கினால் அது பாக்டீரியாதான். இந்த நோய்க்கு ரகத்தை நம்பிப் பயனில்லை. மண்ணை மாற்றுங்கள், பையில் புது மண் போடுங்கள்.

சொறி நோய்க்கும் அப்படியே. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு கை சாம்பலைத் தூவும் பழக்கம் உண்டு. உருளைக்கு வேண்டாம். அதற்குச் சற்றுப் புளிப்பான மண்தான் பிடிக்கும், pH அளவில் 5 முதல் 6.5 வரை. சாம்பலும் சுண்ணாம்பும் அந்தப் புளிப்பைக் குறைத்துவிட, கிழங்குத் தோலெல்லாம் தடித்த பொருக்கு கட்டும். மக்காத சாணமும் அதே வேலையைச் செய்யும்.

சூடான ஊர்களில் தத்துப்பூச்சியும் சிலந்திப்பேனும் இலை ஓரத்தைத் தீய்ந்தது போல ஆக்கிவிடும். இதைத் தாங்குவதில் ரகத்துக்கு ரகம் நிஜமான வித்தியாசம் உண்டு. கீழே சொல்கிறேன்.

## 4. எந்தச் சமையலுக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதை நான்காவதாகத்தான் கேட்க வேண்டும், ஆனால் கேட்காமலே விட்டுவிடக் கூடாது. கிழங்கில் மாவு அதிகமிருந்தால் வெந்ததும் உதிரும். மசாலா தோசைக்கும் போண்டாவுக்கும் வறுவலுக்கும் நல்லது. மாவு குறைந்து நீர் அதிகமிருந்தால் குழம்பில் கரையாமல் துண்டு துண்டாக நிற்கும். குருமாவுக்கும் பொரியலுக்கும் அது போதும்.

உங்கள் வீட்டுக்கு எது பிடிக்கிறது என்று தெரிய ஒரு சுலபமான சோதனை உண்டு. 1 பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து, கடையில் வாங்கிய இரண்டு மூன்று வகைக் கிழங்குகளை அதில் போடுங்கள். மூழ்குவது மாவுக் கிழங்கு, மிதப்பது நீர்க் கிழங்கு. எது மூழ்கியது, எது மிதந்தது என்று குறித்துவைத்து, தனித்தனியாக வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சொல்லும் ஊட்டி, ஆக்ரா, இந்தூர், கோலார் எல்லாம் ஊர்ப் பெயர்கள். ரகம் அதற்குள் எதுவாகவும் இருக்கலாம். ‘ஊட்டி உருளை விதை வேண்டும்’ என்று கேட்டால் விற்பவர் எதையும் எடுத்துக் கொடுக்க முடியும்.

## 5. இப்போது ரகங்கள்

இந்தியாவில் பெயருள்ள ரகங்களில் பெரும்பாலானவை ‘குஃப்ரி’ என்று தொடங்கும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியவை அவை. குஃப்ரி சிம்லாவுக்குப் பக்கத்திலுள்ள ஊர். உதகை முத்தோரையில் அதற்கு ஒரு கிளை நிலையம் இருக்கிறது.

### சூட்டுச் சமவெளிக்கு

குஃப்ரி சூர்யா. 2006-ல் வெளிவந்தது, சூடு தாங்கவென்றே உருவாக்கப்பட்டது. மற்ற ரகங்கள் இரவு 20 டிகிரியிலேயே தயங்கி நிற்கும்போது இது அதைத் தாண்டியும் ஓரளவு கிழங்கு வைக்கும். வெள்ளைத் தோல், நீள்வட்ட வடிவம், வெளிர் மஞ்சள் சதை, மேலோட்டமான கண்கள். மாவும் போதிய அளவு உண்டு, வறுவலுக்கும் சரியாக வரும். தத்துப்பூச்சித் தாக்குதலையும் தாங்குகிறது. கருகல் நோய்க்கு மட்டும் தாங்காது. சென்னை, மதுரை, திருச்சி வாசிகள் யோசிக்காமல் இதைத் தேடலாம்.

குஃப்ரி லிமா. இதுவும் சூடு தாங்கும், தத்துப்பூச்சி, சிலந்திப்பேன் இரண்டையும் சமாளிக்கும். வடக்கே வெயில் குறையும் முன்பே செப்டம்பரில் நடுவதற்காக வந்த ரகம். சூர்யா கிடைக்காவிட்டால் இது.

இந்த இரண்டும் கிடைக்காத கரையோரத் தோட்டக்காரருக்கு என் யோசனை, அந்த வருடம் உருளையை விட்டுவிடுங்கள் என்பதுதான்.

### கோவை, ஓசூர், பெங்களூரு போன்ற இடங்களுக்கு

இங்கேதான் தேர்வுக்கு நிஜமாகவே இடமுண்டு.

குஃப்ரி லௌகர் 1972-ல் வந்த பழைய ரகம், மகாராஷ்டிர, கர்நாடக மேட்டுநிலங்களுக்கானது. வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். 75, 80 நாளில் கிழங்கு திரண்டுவிடும். பிந்தி நட்டவர்களுக்கு இதுதான் காப்பு. கருகலுக்கு எளிதில் விழும் என்பதால் டிசம்பர் முழுக்கப் பனிமூட்டம் பிடிக்கும் இடத்தில் வேண்டாம்.

குஃப்ரி சந்திரமுகி 1968-ல் வந்தது. 80, 90 நாள். தட்டையான நீள்வட்டக் கிழங்கு, கண்கள் ஆழமில்லாததால் தோல் சீவ வசதி, வெந்தால் மாவாக உதிரும். ருசிக்காக ஒரே ஒரு ரகம் என்றால் என் ஓட்டு இதற்கு. நோய் தாங்கும் சக்தி குறைவு, அதனால் சுத்தமான விதை கிடைத்தால் மட்டும்.

குஃப்ரி புக்ராஜ் 1998-ல் வந்தது. மஞ்சள் தோல், மஞ்சள் சதை. விளைச்சலில் தாராளம், கைராசி இல்லாதவர்களுக்கும் ஏதாவது தரும். முன்பருவக் கருகலைத் தாங்கும், பின்பருவக் கருகலை ஓரளவு தாங்கும். ஆனால் நீர்க் கிழங்கு. குழம்புக்கு நல்லது, வறுவல் போட்டால் தொய்ந்துவிடும். ‘விளைந்தது, ருசி இல்லை’ என்று குறை சொல்பவர்களிடம் என்ன ரகம் என்று கேட்டால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

குஃப்ரி ஜோதி, இதுவும் 1968. மலையிலும் மேட்டிலும் ஒத்துப்போகும். சமவெளியில் 90 முதல் 110 நாள் கேட்கும், ஆகவே ஓசூருக்குச் சரி, கோவையில் நவம்பர் முதல் வாரத்துக்குள் நட்டால் சரி. வருடா வருடம் விதை சீரழிவது இதில் மெதுவாக நடக்கும் என்பது பெரிய நன்மை. தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். வார இறுதியில் மட்டும் தோட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதில்லை.

### மலைக்கு

ஜோதியை இன்னும் கருகல் தாங்கும் ரகம் என்று சொல்லி விற்கிறார்கள். ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. கருகல் பூஞ்சணம் மாறிக்கொண்டே வந்ததில் அந்த எதிர்ப்பு உடைந்துபோய் வெகுநாள் ஆயிற்று. மழைப் பட்டத்துக்கு குஃப்ரி ஹிமாலினி அல்லது குஃப்ரி கிர்தாரி பாருங்கள். இரண்டும் மலைக்கான ரகங்கள், கருகலைத் தாங்குவதில் கிர்தாரி ஒரு படி மேல்.

நூற்புழு உள்ள மண் என்றால் அதைத் தாங்கும் ரகமே வேண்டும்: குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி. மூன்றும் நீலகிரி நிலைமையை மனதில் வைத்து வந்தவை, கருகலையும் ஓரளவுக்கு மேல் தாங்கும். நீலகிரியில் பழைய உருளைத் தோட்டத்தைப் பிரித்து வீடு கட்டிய மனை என்றால், நூற்புழு இருப்பதாகவே வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

### ஆசைக்கு வாங்கி ஏமாறும் ரகங்கள்

சிப்ஸ் போட ஆசைப்பட்டு குஃப்ரி சிப்சோனா தேடுகிறவர்கள் உண்டு. மாவு அதிகம், சர்க்கரை குறைவு, பொரித்தால் கருக்காது, எல்லாம் உண்மை. ஆனால் 100 நாளுக்கு மேல் நல்ல குளிர் கேட்கும். ஓசூருக்குக் கீழே இறங்கி முயல வேண்டாம்.

சிவப்புத் தோல் குஃப்ரி சிந்தூரி 110, 120 நாள் எடுக்கும் வடநாட்டு ரகம். பார்க்க அழகு, நமக்கு நேரம் போதாது.

குஃப்ரி நீல்கண்டின் தோல்தான் ஊதா. உள்ளே வெளிர் மஞ்சள். வெட்டினால் உள்ளேயும் ஊதா என்று படம் போட்டு விற்பவை வேறு சமாச்சாரம். அதிலும் பொட்டலத்தில் மிளகாய் விதை போன்ற விதை வந்தால் அது பூவிலிருந்து வரும் காய் விதை. உருளையில் அப்படிப்பட்ட விதையிலிருந்து தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது, ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ரகம் என்ற பேச்சே அங்கே அர்த்தமற்றது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரும் கிழங்கையும் தவிருங்கள். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. தவிர, ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய ரகம் நம் 12 மணி நேரப் பகலில் வளர்வதற்குள் முதிர்ந்துவிடும்.

## 6. விதைக்கிழங்கு வாங்குவது

சான்று பெற்ற விதை மூட்டையில் அட்டை தொங்கும். ரகத்தை உருவாக்கியவர்கள் தரும் வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், அதிலிருந்து பெருக்கிய ஆதார விதைக்கு வெள்ளை, அதிலிருந்து விவசாயிகளுக்காகப் பெருக்கிய சான்று விதைக்கு நீலம். அட்டையில் ரகத்தின் பெயர் இருக்கும். அட்டை இல்லாத மூட்டையில் விற்பவரின் வாய்ச்சொல்தான் ரகம்.

சிக்கல் என்னவென்றால் மூட்டை 50 கிலோ, உங்களுக்கு வேண்டியது 2 கிலோ. நான் பார்த்தவரை ஒத்துவரும் வழி, அக்டோபர் கடைசியில் ஓசூர் அல்லது தாளவாடிப் பக்கம் நடவுக்கு மூட்டை இறக்கும் விவசாயியிடம் கேட்டு வாங்குவது. அட்டையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த தோட்டக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூட்டையைப் பிரித்துக்கொள்வதும் நடக்கிறது. கர்நாடகத்தில் நுனித்தண்டை வேர்பிடிக்க வைத்த கன்றுகளாகவும் உருளை விற்கிறார்கள். நாற்று போல நடலாம், நோய் குறைவு, சிறு தோட்டத்துக்கு நல்ல வழி.

நம் சமவெளிக்கு வரும் விதையில் பெரும்பகுதி பஞ்சாபில், குறிப்பாக ஜலந்தர் வட்டாரத்தில், விளைந்தது. அங்கே குளிர்காலத்தில் அறுவடையாகி, கோடை முழுக்க 2 முதல் 4 டிகிரிக் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வருகிறது. வெளியே எடுத்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு பையில் கட்டிவைத்தால் அழுகும், உடனே சூடான மண்ணில் நட்டாலும் அழுகும். நிழலில், காற்றோட்டமாக ஒரே அடுக்காகப் பரப்பி 10 நாளாவது ஆறவிடுங்கள்.

கடைக் கிழங்கை நடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடலாம், ஆனால் மூன்று குறைகள் தெரிந்து நட வேண்டும். ரகம் தெரியாது, ஆகவே மேலே எண்ணிய நாட்கள் எல்லாம் வீண். சாப்பாட்டுக் கிழங்குக்குக் கிடங்கில் முளைதடுப்பு மருந்து அடித்திருக்கலாம். கண் ஊசிமுனை அளவு எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிடும். மூன்றாவது, வைரஸ். அது கிழங்கின் வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். தின்பதற்கு ஆபத்தில்லை, விளைச்சல்தான் பாதியாகும்.

நீலகிரி, கொடைக்கானல் கிழங்கை மட்டும் வேறு ஊருக்கு விதையாகக் கொண்டுபோகாதீர்கள். நூற்புழுவுக்காக நீலகிரி விதை வெளியே போவதற்கு 1971 முதலே கட்டுப்பாடு உண்டு. இதே காரணத்துக்காக 2018-ல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கும் தடை வந்தது. கடுஞ்சூட்டு மண்ணில் அந்தப் புழு அவ்வளவாகப் பெருகாது. ஏற்காடு, ஓசூர் போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒருமுறை மண்ணில் இறங்கினால் உங்கள் ஆயுளில் போகாது.

## 7. முளைகட்டித் தரம் பிரியுங்கள்

ஆறிய கிழங்கை முட்டை அட்டையில் கண்கள் மேலே பார்க்க அடுக்கி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் 2 முதல் 3 வாரம் வையுங்கள். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடியும்படி வரும். வெளிச்சத்தில் குட்டையாக, தடித்து, பச்சை அல்லது ஊதா நிறத்தில் வரும். 1 சென்டிமீட்டர் வந்ததும் நடலாம்.

உச்சியில் ஒரே ஒரு முளை மட்டும் வந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள். உச்சி முளை மற்ற கண்களை அடக்கிவைக்கும். அது போனால் மூன்று நான்கு முளை கிளம்பும், தண்டு கூடும், கிழங்கும் கூடும். இந்தக் கட்டத்தில் முளை தலைமுடி போல மெலிந்து வந்தால் அந்தக் கிழங்கில் வைரஸ் இருக்கலாம். தூக்கிப் போடுங்கள்.

கோழிமுட்டை அளவு, 30 முதல் 50 கிராம், முழுக் கிழங்காக நடுவது நல்லது. மலையில் பெரிய கிழங்கை வெட்டி நடுகிறார்கள், அங்கே மண் குளிர்ச்சி. சமவெளி மண்ணில் வெட்டு வாயிலிருந்தே அழுகல் தொடங்கும். வேறு வழியில்லாமல் வெட்டினால் துண்டுக்கு 2 கண்ணாவது இருக்கட்டும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, வெட்டு வாயில் தோல் கட்டிய பிறகு நடுங்கள்.

## 8. நடவில் கவனிக்க வேண்டியவை

பாத்தியில் வரிசைக்கு வரிசை 45 முதல் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20. 15 அங்குலப் பையில் 2 கிழங்கு போதும். நான்கு வைத்தால் எண்ணிக்கை கூடும், அளவு குறையும்.

பையின் அடியில் பாதி மட்டும் நிரப்பி நட்டு, செடி ஒரு சாண் வந்ததும் மண் அணைத்து மேலேற்றுங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும், அது நஞ்சு, தின்னக் கூடாது. விதைக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் மண் வந்தால் நிறுத்திவிடலாம். ஆள் உயரப் பையில் அடுக்கடுக்காகக் கிழங்கு காய்ப்பதாகப் படம் காட்டுகிறார்கள். நாம் போடும் குறுகிய வயது ரகங்கள் விதைக்கிழங்கை ஒட்டி ஒரே மட்டத்தில்தான் கிழங்கு வைக்கும். மீதி மண் வீண், தூக்குகிற முதுகுக்கும் கேடு.

தழைச்சத்தை நடும்போதும் முதல் மண் அணைக்கும்போதும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். 40 நாளுக்குப் பிறகு கொடுக்கும் தழைச்சத்து, சூடான இரவைப் போலவே, கிழங்கை விட்டு இலையை வளர்க்கும். சூர்யாவைச் சென்னையில் போட்டுவிட்டு, தழைச்சத்து நிறைந்த மீன் அமிலத்தை வாராவாரம் தெளிப்பவர்களுக்குத்தான் ‘இந்த ரகமும் சரியில்லை’ என்று தோன்றுகிறது.

நட்ட 30 நாளிலிருந்து மண் காயவே கூடாது. முழங்கை வரை விரலை விட வேண்டாம், இரண்டு அங்குலம் தோண்டிப் பார்த்தால் தெரியும்.

## 9. இரண்டு ரகம் போட்டு ஒப்பிடுங்கள்

முதல் வருடம் ஒரே ரகத்தை நம்ப வேண்டாம். உங்கள் இடத்துக்கு ஏற்றதாகத் தெரியும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நடுங்கள். கோவையில் என்றால் சந்திரமுகியும் லௌகரும், சென்னையில் சூர்யாவும் லிமாவும். ஒரே நாள், ஒரே மண், ஒரே தண்ணீர். பை ஒவ்வொன்றிலும் பெயரை எழுதிக் கட்டுங்கள். நடும்போது மறக்காது என்று தோன்றும், அறுவடையில் யாருக்கும் நினைவிருக்காது.

60 நாளில் பையின் ஓரத்து மண்ணை மெதுவாக விலக்கி, கிழங்கு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் பிடித்திருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டிலும் இல்லை, செடி மட்டும் தழைத்திருக்கிறது என்றால் இரவு வெப்பக் குறிப்பைப் பாருங்கள். அநேகமாக நடவுத் தேதிதான் தவறியிருக்கும். அடுத்த வருடம் ரகத்தை மாற்றாமல் தேதியை மாற்றிப் பாருங்கள்.

எடை எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளி வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடிக்கு கால் கிலோ வந்தால் வழக்கமான விளைச்சல், அரைக் கிலோ வந்தால் நல்ல விளைச்சல். கரையோரத்தில் அதற்கும் கீழே.

## 10. அறுவடையும் அடுத்த வருட விதையும்

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் செடியைத் தரையோடு வெட்டி, தண்ணீரை நிறுத்தி, 10 முதல் 15 நாள் கழித்துத் தோண்டுங்கள். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. உரிந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். புக்ராஜை உடனே சாப்பிட்டுத் தீர்ப்பது நல்லது. சந்திரமுகியை இருட்டான, காற்றோட்டமான மூலையில் ஒரு மாதம் வைக்கலாம். எதையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், மாவு சர்க்கரையாகி, வறுத்தால் கருத்துவிடும்.

விளைந்ததிலிருந்து விதைக்கு எடுத்துவைக்கலாமா? சமவெளியில் முடியாது. பிப்ரவரியில் எடுத்த கிழங்கு அடுத்த நவம்பர் வரை நம் கோடையைத் தாண்ட வேண்டும். இரண்டு மாதத்தில் உறக்கம் கலைந்து முளைத்து, சுருங்கி, மே மாதத்துக்குள் கிழங்கு அந்துப்பூச்சிக்கு இரையாகிவிடும். அசுவினி பரப்பிய வைரஸும் உள்ளே சேர்ந்திருக்கும். மலைக்காரர்கள் மட்டும், நோயில்லாத செடியிலிருந்து எடுத்த ஜோதியை ஓரிரு பட்டம் விதையாக வைத்து ஓட்டலாம். மற்றவர்கள் ரகத்தின் பெயரையும், நட்ட தேதியையும், செடிக்கு வந்த எடையையும் நோட்டில் எழுதிவைத்துவிட்டு, செப்டம்பரில் புது விதை தேட வேண்டியதுதான்.